ஏளா, தண்ணி தா

அன்புள்ள சுபா தாத்தாவுக்கு,

உங்கள் பெயரை எழுத இப்போதும் கை வரவில்லை. பேத்தியின் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறேன். முதலில் பிள்ளைகள் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் உங்களுக்குக் காதில் ஏறாது.

சுபா இஞ்சினியரிங்கில் முதல் வகுப்பில் தேறி, நொய்டாவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். காலையில் கம்பெனி வண்டி வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறது. லக்ஷ்மிபாய் நகரில் நம் வரிசையில் வண்டி வந்து கூட்டிப்போகிற முதல் பெண் இவள்தான். அவள் தம்பி கார்த்தி மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது முடித்துவிட்டான். தமிழில் வகுப்பிலேயே முதல். ‘ழ’ சொல்ல வராமல் உங்களிடம் அத்தனை திட்டு வாங்கினானே, அவனேதான். மெட்ராஸில் நம் மகள் பிள்ளை மணி, சி.ஏ. பரீட்சையை முதல் தடவையிலேயே எழுதித் தேறிவிட்டான். இனிப்பு வாங்கிக் கொடுத்தேன் என்று அவன் அம்மா எழுதியிருக்கிறாள். எந்தக் கடையில், யாருக்கெல்லாம் என்று எழுதவில்லை. நீங்கள் இருந்தால் அதைக் கேட்டுத் தனியாக ஒரு கார்டு போட்டிருப்பீர்கள்.

இந்தக் கடிதம் டெல்லித் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் வரப்போகிறது. சுபாதான் எழுதச் சொன்னாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை இருந்தால் அவர்கள் திருத்திக்கொள்வார்கள். நாலு பேர் படிப்பார்களே என்று யோசித்தேன். நாலு பேருக்குப் பயந்துதானே இவ்வளவும் ஆயிற்று, இனிமேல் படிக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிது. ஆபீஸ்காரர்கள் குடும்பத்தோடு குதுப்மினார் பார்க்கப் போன அன்று, பஸ் ஸ்டாப்பில் அத்தனை பேருக்கும் நடுவில் நீங்கள் சத்தமாகக் கூப்பிட்டீர்கள். “ஏளா, ஏறு. பஸ்சு போயிரும்.” திருநெல்வேலிப் பக்கம் பெண்டாட்டி, தங்கச்சி, மகள் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். நமக்கு அது சோறு தண்ணி மாதிரி. மற்ற ஊர்ப் பெண்களுக்கு அது என்னவாகக் கேட்டதோ, சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு மாசம் நான் பால் பூத்துக்குப் போனால், “என்ன ஏளா, இன்னிக்கு நீங்க மட்டும் வந்திருக்கேள்?” என்று கேலி.

இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. “வெளியில அப்படிக் கூப்பிடாதீங்க, எனக்கு மானம் போகுது” என்றேன். “அப்ப எப்படிக் கூப்பிட?” என்றீர்கள். “பேரைச் சொல்லுங்க.” “செண்பகவல்லின்னு கூப்பிட்டு முடிக்கதுக்குள்ள பஸ்சு போயிரும்ளா” என்று சிரித்தீர்கள். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள். அதன் பிறகு நாற்பது வருஷம் வாசல் கதவுக்கு வெளியே அந்தச் சொல் போகவில்லை. வீட்டுக்குள் மட்டும் ஒரு நாளைக்கு நூறு தடவை. என் பெயரை உங்கள் வாயால் நான் கேட்டது, ரேஷன் கார்டு எழுத வந்தவரிடம் சொன்னபோது மட்டும்தான்.

வெங்காயம் கிடைக்காமல் டெல்லியே தவித்த அந்த வருஷம் உங்களுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, அதோடு பேச்சும் போயிற்று. சொல்வதெல்லாம் உங்களுக்குப் புரிந்தது. சொல்லத்தான் வரவில்லை. டெஸ்பாட்ச் பிரிவில் ஆயுசு முழுக்க விலாசம் எழுதிய மனுஷருக்கு, இடது கையில் பென்சில் கொடுத்தால் கோடு வந்தது, எழுத்து வரவில்லை. அதுவும் மூளையில் அந்த இடத்தோடு போய்விட்டது என்றார் டாக்டர்.

சுபா அப்போது காலேஜில் கடைசி வருஷம். பேச முடியாதவர்களுக்கு ஒரு பேசும் பெட்டி செய்யப்போகிறேன், தாத்தாவுக்குத்தான் முதல் பெட்டி என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு சனிக்கிழமை அவளுடைய காலேஜ் மேடத்தைக் கூட்டிவந்தாள். இந்திக்காரர், நல்ல மனுஷி. நேராக வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். உங்களுக்கு என்னென்ன சொல்ல வேண்டியிருக்கிறது என்று உங்களைப் பார்த்துத்தான் கேட்டார். சுபா அதைத் தமிழில் சொன்னாள். நீங்கள் இடது கையைத் தூக்கினீர்கள்.

அதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். “அவுகளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா? எழுதிக்கோ. தண்ணி, காபி, சோறு, மருந்து, பாத்ரூம், காத்தாடி, டிவி...”

“மாதாஜி, உன்கோ போல்னே தீஜியே” என்றார் மேடம். அவரைப் பேச விடுங்கள் என்று.

“நல்லாருக்கே, அவுக பேசினா நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?” என்றேன். சுபா அதை இந்தியில் சொல்ல, மேடமே சிரித்துவிட்டார். எல்லோரும் சிரித்தோம். உங்கள் கை எப்போது இறங்கியது என்று நான் பார்க்கவில்லை. எதைச் சொல்லத் தூக்கினீர்கள்?

கடைசியில் அவர் ஒன்று கேட்டார். வீட்டுக்காரரை மனைவி எப்படிக் கூப்பிடுவார், மனைவியை அவர் எப்படிக் கூப்பிடுவார் என்று. படித்தவர், காலேஜில் பாடம் நடத்துகிறவர், முதல் தடவை வீட்டுக்கு வந்திருக்கிறார். பஸ் ஸ்டாப் சிரிப்பு என் காதில் கேட்டது. “பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாக, செண்பகம்னு” என்றேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் காபி கலக்க எழுந்துபோய்விட்டேன்.

பெட்டி வந்தது. சப்பாத்திப் பலகை அளவுதான் இருக்கும். பன்னிரண்டு பட்டன், ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம். பட்டனை அழுத்தினால் அது சொல்லும். எனக்கான பட்டனில் நம் மகள் கல்யாண ஆல்பத்திலிருந்து என் முகத்தை வெட்டி ஒட்டியிருந்தாள். நம் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் சுபா குரலைப் பதிவு செய்தாள். அவளுக்குக் குறும்பு. உங்களை மாதிரியே குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, “ஏளா, தண்ணி தா. ஏளா, காத்தாடியப் போடு. ஏளா, காபி என்னாச்சு?” என்று பன்னிரண்டையும் பேசி வைத்தாள்.

நீங்கள் சிரித்தீர்கள். நோய் வந்த பிறகு முதல் சிரிப்பு. முகத்தின் இடது பாதி மட்டும் சிரித்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்: “இதை உங்க காலேஜ்ல எல்லாரும் கேப்பாகளே. மரியாதையா மாத்து.”

“அச்சா, ஆச்சி” என்றாள். அச்சா ஆச்சி, அச்சா ஆச்சி என்று அவள் சின்னதில் பாடிக்கொண்டு திரிவாளே, அதே குரல்தான், ஆனால் முகம் விழுந்துவிட்டது. நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி, “எனக்குக் காபி வேண்டும், மின்விசிறியைப் போடவும்” என்று மாற்றினாள். பதினொன்றை மாற்றினாள், என் முகம் இருந்த பட்டன் ‘செண்பகம்’ என்றது. தண்ணீர் பட்டனை மட்டும் விட்டுவிட்டாள். “ஒண்ணாவது இருக்கட்டும் ஆச்சி. தாத்தா சிரிச்சார்ல.”

என் முகம் இருந்த பட்டனை நீங்கள் ஒரு நாளும் தொடவில்லை. எனக்குள் அது உறுத்திக்கொண்டே இருந்தது. காபிக்குப் பட்டன் உண்டு, டிவிக்குப் பட்டன் உண்டு, என்னை மட்டும் கூப்பிட மாட்டேன் என்கிறாரே என்று. ஆனால் தண்ணீர் பட்டனை விடிந்ததிலிருந்து அழுத்தினீர்கள். அழுத்திப் பிடித்திருக்கிற வரைக்கும்தான் பெட்டி பேசும், விரலை எடுத்தால் நின்றுவிடும். உங்கள் விரல் நிற்கவில்லை. “ஏளா, த...” என்று பாதியில் அறுந்துபோகும். நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தம்ளரோடு ஓடிவருவேன். நீங்கள் தம்ளரைத் தள்ளிவிடுவீர்கள். திரும்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்தால் மறுபடியும் “ஏளா, த...”

“தண்ணி கேட்டுட்டு வேண்டாம்னா என்ன அர்த்தம்? நான் என்ன தண்ணிப் பந்தலா வச்சிருக்கேன்?” என்று முதலில் கேலியாகத்தான் சொன்னேன். ஒரு நாள் நீங்கள் தள்ளியதில் தண்ணீர் முழுக்க உங்கள் மேலேயே கொட்டிவிட்டது. ஜனவரிக் குளிர். ஸ்வெட்டர், பனியன், கம்பளி எல்லாம் நனைந்து, ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றும்போது எரிச்சலில் சொல்லிவிட்டேன்: “இந்தப் பெட்டி வரதுக்கு முன்னாலயே நிம்மதியா இருந்தேன்.”

அதைச் சொன்ன வாய் இதே வாய்தான். நீங்கள் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்து சொன்ன வாய்.

சுபா வந்ததும் புகார் சொன்னேன். “அவுகளுக்கு விரல் நிக்க மாட்டேங்கு. பாதியில அறுந்துபோகுது. நல்லா ரிப்பேர் பண்ணிக் கொண்டா.” அவள் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு பெட்டியை எடுத்துப்போனாள். இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்தாள். இப்போது லேசாகத் தொட்டால் போதும், விரலை எடுத்தாலும் முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் நிற்கும்.

நீங்கள் தொட்டீர்கள். “ஏளா, தண்ணி தா.” உடனே விரலை எடுத்துவிட்டு மறுபடியும் தொட்டீர்கள். “ஏளா, தண்ணி தா.” மூன்றாவது தடவையும். நான் தம்ளரோடு தயாராக நின்றேன். என்னைப் பார்த்தீர்கள், தம்ளரைப் பார்த்தீர்கள், பெட்டியை மெதுவாகக் கவிழ்த்து வைத்தீர்கள். அன்றைக்கு அந்தத் தண்ணீரைக் குடித்தீர்கள். அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அப்புறம் பெட்டியை நீங்கள் தொடவே இல்லை. ஏதாவது வேண்டுமானால் ஸ்பூனால் கட்டில் காலைத் தட்டினீர்கள். தாத்தாவுக்கு அதில் ஆர்வம் போய்விட்டது என்று சுபா தன் ரிப்போர்ட்டில் எழுதினாள். பெட்டிக்குக் காலேஜில் முதல் பரிசு. கோப்பையை உங்கள் கையில்தான் முதலில் கொடுத்தாள். பங்குனியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இரண்டு வருஷம் இதையெல்லாம் நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இப்போது நினைக்க வைத்தது போன மாசம் மோதி பாக்கில் நடந்தது.

சுபா வேலைக்குப் போனாலும் சனிக்கிழமைகளில் அந்த மேடத்தோடு சேர்ந்து இன்னும் பெட்டி செய்கிறாள். மோதி பாக் குவார்ட்டர்ஸில் ராஜம் என்று ஒரு தஞ்சாவூர் அம்மாள், என்னைவிடச் சின்னவர், உங்களுக்கு வந்த அதே நோய். “ஆச்சி, நீயும் வா. அவங்களுக்குத் துணையா இருக்கும். ஆனா வாயைத் திறக்கக் கூடாது, வாக்குக் கொடு” என்றாள். கொடுத்தேன். இப்போதெல்லாம் அவள் முதல் நாள் பெட்டியே கொண்டுபோவதில்லை. படம் போட்ட அட்டைகளும் பதிவு செய்கிற கருவியும்தான் பையில் இருக்கும். அவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் பட்டனே முடிவு செய்வாள். நான் கூடப் போனது அவள் இரண்டாவது தடவை போனபோது. அன்றைக்கு அரைகுறையாகச் செய்த பெட்டி ஒன்றும் கையில் இருந்தது.

ராஜத்தின் வீட்டுக்காரர் ரிட்டயரான ஆபீசர். சுபா அந்த அம்மாளிடம் ஒன்று கேட்டால் அவர் இரண்டு பதில் சொன்னார். “அவளுக்கு என்ன வேணும்னு நேக்குத் தெரியாதா? எழுதிக்கோம்மா.” என் வாயில் யாரோ கையை விட்டு என் பேச்சை எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் கொடுத்த மாதிரி இருந்தது. சுபா என்னைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் பார்க்கவில்லை.

“மாமா, எங்க ஆச்சி காபி குடிக்காம இருக்க மாட்டா. நீங்க போட்டுத் தர முடியுமா?” என்றாள். அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். சுபா ராஜத்தின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். “மாமி, மாமாவைக் கூப்பிட ஒரு பட்டன். எப்படிக் கூப்பிடுவீங்க?” என்று அட்டைகளைப் பரப்பினாள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இடது கையால் ஒதுக்கித் தள்ளிவிட்டார். எனக்கு நாக்கு துடித்தது. இதுதானே அவுங்க கேக்காங்க, அதுதானே என்று சொல்லிவிடத் துடித்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

சுபா பேசாமல் காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள். அந்த அம்மாள் இடது கையைத் தூக்கி இரண்டு தடவை உதறினார். இரண்டு கண்ணாடி வளையல், ஒரு தங்க வளையல். கலகல, கலகல. அவ்வளவுதான். புருஷன் பெயரைச் சொல்லாத மனுஷி ஆயுசு முழுக்க அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்.

சுபா அந்தச் சத்தத்தையே பதிவு செய்து ஒரு பட்டனில் போட்டாள். “இப்போ அழுத்துங்க மாமி.” அந்த அம்மாள் அழுத்தினார். பெட்டிக்குள்ளிருந்து கலகல, கலகல. சமையலறையிலிருந்து உடனே குரல் வந்தது. “இதோ வந்துட்டேண்டி, பால் பொங்கறது.” இடுக்கியோடு வந்து எட்டிப் பார்த்தார். மனைவியின் கை ஆடவில்லை, பெட்டியின் மேல் இருந்தது. அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த அம்மாள் அவர் திரும்பியதும் இன்னொரு தடவை அழுத்தி, பாதியில் விரலை எடுத்தார். கல... மறுபடியும் வந்தார். மறுபடியும் போனார். மறுபடியும் கல...

“ஏம்மா, இது பாதியில நின்னு நின்னு போறதே. ரிப்பேரா? சரி பண்ணிக் குடுத்துடேன்” என்றார் சுபாவிடம்.

வாக்குக் கொடுத்தது மறந்துபோயிற்று. “ரிப்பேர் இல்ல சார். தொடாதீங்க. அவுங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். நீங்க வரணும், அவ்வளவுதான். தண்ணி கொண்டுவந்துராதீங்க” என்றேன். தண்ணியா, யார் தண்ணி கேட்டா என்று அவர் விழித்தார்.

உங்களுக்கு விரல் நன்றாகத்தான் நின்றது. ‘ஏளா’ வரைக்கும் அழுத்தி, தண்ணிக்கு முன்னால் எடுத்திருக்கிறீர்கள். அந்தப் பெட்டியில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு சொல்தான். அதையும் நான் மாற்றச் சொன்னேன், பிள்ளை ஒளித்துவைத்தாள், நீங்கள் கண்டுபிடித்தீர்கள். நான் தம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதுமாயிருந்ததா? ஒரு நாளாவது உட்கார்ந்தேனா?

ஆட்டோவில் வரும்போது சுபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் ஸ்டாப், சிரிப்பு, மேடத்திடம் சொன்ன பொய்.

“அது ஃபால்ட் இல்லையா ஆச்சி?”

“இல்ல.”

“நான் ஃபால்ட்னு நினைச்சு எடுத்துட்டேன். தாத்தாட்ட கேக்கவே இல்ல. உன்கிட்டதான் கேட்டேன்.”

“நான் சொன்னேன், நீ செஞ்ச.”

“இல்ல ஆச்சி. தாத்தாவோட பெட்டி அது” என்றாள். சரோஜினி நகர் சிக்னலில் வண்டி நின்றது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம், பரிசு அலமாரியில் இருந்த உங்கள் பெட்டியைக் காலேஜிலிருந்து கேட்டு வாங்கிவந்தாள். பழையபடி ஆக்கிவிட்டேன் என்று என் மடியில் வைத்தாள். என் முகம் ஒட்டியிருந்த பட்டன் புதுசாகவே இருக்கிறது. தண்ணீர் பட்டனில் தம்ளர் படமே தெரியவில்லை, தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. அழுத்தி, தண்ணிக்கு முன்னால் விரலை எடுத்தேன். “ஏளா.” சுபாவின் கள்ளக்குரல்தான், தெரியும். ஆனாலும் என் வாய் “வாரேன்” என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் எங்கே என்று யோசித்தேன்.

அந்த மேடம் அடுத்த மாசம் இப்படிப் பேச்சு போனவர்களையும் அவர்கள் வீட்டு மனுஷர்களையும் காலேஜுக்குக் கூப்பிட்டிருக்கிறாராம். நீங்கள் வந்து பேசுங்கள் மாதாஜி என்று சொல்லியனுப்பினார். நான் என்ன பேச, எனக்கு இந்தியும் அரைகுறை என்றேன். இப்போது சரி என்று சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். அத்தனை பேருக்கும் நடுவில் எழுந்து நின்று, என் வீட்டுக்காரர் என்னை எப்படிக் கூப்பிடுவார் என்று சத்தமாகச் சொல்லுவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பேச முடியாதவர் கையைத் தூக்கும்போது பக்கத்தில் இருக்கிறவர் வாயைப் பொத்திக்கொள்ளட்டும் என்பேன். நான் பொத்தாததால் என்ன போயிற்று என்றும் சொல்லுவேன். அதன் பிறகு உட்கார்ந்துவிடுவேன். யார் கையைத் தூக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். புது ஃபோட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பி வைக்கவும்.

கை வழக்கமாக எழுதுகிறதை எழுதிவிட்டது. மணிக்கும் அவன் அம்மாவுக்கும் எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் இதுதான் கடைசி வரி. இதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்துவிடலாம்ளா என்று தபால்தலை ஒட்டும்போதெல்லாம் கேலி செய்வீர்கள். எழுதிய வரியை அடித்துவிட மனசு வரவில்லை, இருக்கட்டும். நம் வீட்டுச் சுவரில் இருப்பது பென்ஷன் புத்தகத்துக்காக எடுத்த படம், வாயை இறுக மூடிக்கொண்டு இருக்கிறீர்கள். முடிந்தால் வேறு ஒன்று அனுப்புங்கள். யாரையோ கூப்பிடுகிற மாதிரி, வாயைத் திறந்தபடி.

இப்படிக்கு,
சுபாவின் ஆச்சி,
உங்கள் ஏளா